அமைச்சர் ‘ஆம்’ என்றாரே... பஸ் எங்கே?

கடந்த வியாழக்கிழமை காலை ஐந்தரை மணி. தேத்தண்ணிக்குக் கேத்திலை அடுப்பில் வைத்துவிட்டு நிற்கிறேன். போன் அடிக்கிறது.

“மிஸ், பஸ் இன்னும் வரல்லயே. எத்தின மணிக்கு என்டு ஏதும் சொன்னாங்களா?”

முசலியிலிருந்து நசீமா ராத்தா.

“எந்த பஸ் ராத்தா?”

“என்ன மிஸ் இப்பிடிக் கேக்கிறீங்க? நேத்து பாராளுமன்றத்தில தந்த பஸ்!”

கேத்தில் கொதித்து மூடியைத் தள்ளுகிறது. நான் போனைப் பிடித்தபடி மலைத்து நிற்கிறேன்.

பாராளுமன்றத்தில் பஸ் தந்தார்களா? யார் தந்தார்கள்? கேள்வியை எழுதிக் கொடுத்தவளே நான்தான்... எனக்குத் தெரியாமல் எப்போது தந்தார்கள்?

பொறுங்கள். முதலில் இருந்து சொல்கிறேன். சொல்லச் சொல்ல எனக்கும் தெளிகிறதா பார்ப்போம்.

நானாட்டானில் இருந்து ஒரு வாசகர் எனக்குக் கடிதம் போட்டிருந்தார். “உங்களுக்கு எங்கள் எம்.பி.யைத் தெரியும்தானே? ஒரு எதிர்க்கட்சி எம்.பி.க்கு ஒரு கிழமையில் அப்படி என்னதான் வேலை? ஒருமுறை எழுதுங்களேன்” என்று. நியாயமான கேள்வி. எழுதினால் போயிற்று என்று நினைத்தேன். ஒரு கிழமை முழுக்க அவர் என்ன செய்கிறார் என்று ஒரு கொப்பியில் குறித்துக்கொண்டும் வந்தேன்.

கொப்பி இப்போது என் முன்னால் இருக்கிறது. குறிப்பெல்லாம் சரியாகத்தான் இருக்கிறது. எனக்குத்தான் ஒன்றும் விளங்கவில்லை.

எம்.பி.யை ஊரில் எல்லோரும் மாஸ்டர் என்றுதான் கூப்பிடுவார்கள். முன்பு கணித ஆசிரியர். நல்ல மனிதர். கதைக்கத் தொடங்கினால் நிறுத்துவது கஷ்டம், அது ஒன்றுதான் குறை. நான் மாவட்டச் செயலகத்தில், எங்கள் பேச்சில் கச்சேரியில், மொழிபெயர்ப்பாளராக இருந்து ஓய்வு பெற்றவள். பாராளுமன்றத்தில் கேட்கிற கேள்விகளை முறையான தமிழில் எழுதித்தரச் சொல்லி அவர் என்னிடம் வருவார். பள்ளிமுனையில் என் வீட்டு விறாந்தைக் கதிரையில் இருந்து, ஒரு பிளேன்ரீ குடித்து, கேள்வியை வாங்கிக்கொண்டு போவார்.

இந்த பஸ் கேள்வியை அவரிடம் கொண்டுபோனது நான். அதனால்தான் இவ்வளவு பதற்றம்.

நசீமா ராத்தாவின் கணவர் காசிம் நானாவுக்கு இரண்டு சிறுநீரகமும் கைவிட்டுவிட்டன. திங்களும் வியாழனும் மன்னார் டவுன் ஆஸ்பத்திரிக்கு வந்து மெசினில் இரத்தம் சுத்தம் செய்ய வேண்டும். காலை ஏழு மணிக்கு அவருடைய முறை. பிந்தினால் அடுத்தவரை ஏற்றிவிடுவார்கள். அது பிழையுமில்லை... அடுத்தவருக்கும் அதே வருத்தம்தானே?

முன்பு விடியற்காலையில் ஒரு பஸ் ஓடியது. அது நின்றுபோய்விட்டது. இப்போது வருகிற முதல் பஸ் டவுனுக்கு வந்துசேர எட்டரையாகும். ஆகவே நசீமா ராத்தாவும் அரிப்பில் இருந்து இன்னும் இரண்டு நோயாளிகளும் சேர்ந்து சிலாவத்துறை ஓட்டோக்காரர் ஒருவரைப் பேசி வைத்திருந்தார்கள். காசிம் நானா நெடிய மனிதர். அந்த ஓட்டோவுக்குள் முழங்கால் நாடியில் முட்ட மடங்கியிருந்துதான் வருவார். மெசினில் இருந்து இறங்கிய உடம்போடு அதே மாதிரி மடங்கித் திரும்பிப் போவார்.

“ஒரு பஸ் கேட்டுத் தாங்க மிஸ். கால நீட்டிக்கொண்டு போகட்டும் மனிசன்” என்றார் ராத்தா. அவ்வளவுதான் கேட்டார்.

நான் கேள்வியை எழுதினேன். பாராளுமன்றக் கேள்விக்கு ஓர் அச்சு இருக்கிறது. அதை மீற முடியாது. முதலில், “இன்னின்ன சிரமம் இருப்பதை அமைச்சர் அறிவாரா?” என்று தொடங்க வேண்டும். அது (அ). பிறகு, “பஸ் சேவை தொடங்கும் திகதியை இச்சபைக்கு அறிவிப்பாரா?” அது (ஆ). கடைசியில் ஒரு குத்து... “இன்றேல், ஏன்?” அது (இ). எழுதி முடித்ததும் ராத்தாவுக்குப் போனில் வாசித்துக் காட்டினேன். (இ) அவருக்கு நல்லாய்ப் பிடித்துக்கொண்டது. “அது நல்லாருக்கு மிஸ், இன்னொருக்காச் சொல்லுங்க” என்று இரண்டு தரம் வாசிக்க வைத்தார்.

இனி கொப்பிக்கு வருவோம்.

திங்கள்: மாஸ்டர் பின்னேரம் தன் வாகனத்தில் கொழும்புக்குப் புறப்பட்டார்.

செவ்வாய்: மின்சாரக் கட்டணம் பற்றிப் பேசினார். மன்னாரில் மின்சாரக் காற்றாடிகள் சுற்றுகின்றன, மன்னார் வீடுகளில் பில் சுற்றுகிறது என்று ஒரு போடு போட்டார். எதிர்க்கட்சிப் பக்கம் மேசையில் தட்டினார்கள். ஆளும் கட்சிப் பக்கம் பாதிக் கதிரைகள் வெறுமை. நான் வீட்டில் இருந்து பார்த்தேன். எனக்குப் பெருமையாகத்தான் இருந்தது. பில் குறையுமா என்று கேட்காதீர்கள்.

புதன்: காலையில் நம்முடைய கேள்வி வந்தது.

நான் குசினியில் நண்டு உடைத்துக்கொண்டிருந்தேன். யன்னல் கட்டில் வைத்த போனில் பாராளுமன்ற நேரலை. மாஸ்டர் எழுந்து கேள்வி இலக்கத்தைச் சொன்னார். அமைச்சர் எழுந்தார். “(அ)” என்றார். பிறகு சிங்களத்தில் “ஒவ்” என்றார்.

அந்த ஒரு சொல்லுக்கு முசலியில் யாருக்கும் மொழிபெயர்ப்புத் தேவைப்படவில்லை. ஒவ் என்றால் ஆம்!

உண்மையைச் சொல்கிறேன்... எழுதியவள் நானே, நண்டுக் கையோடு கைதட்டினேன். அதே நேரம் வாசலில் ஐஸ்காரர் மணியடித்தார். பக்கத்து வீட்டுப் பிள்ளைகள் கத்தினார்கள். மீதி விடை என் காதில் விழவில்லை. பத்து நிமிடத்தில் மாஸ்டரின் முகநூல் பக்கத்தில் வீடியோத் துண்டு ஒன்று வந்துவிட்டது. கேள்வி, “ஒவ்”, அத்தோடு வெட்டு. மேலே பெரிய எழுத்தில்: “முசலி மக்களின் பஸ் கோரிக்கை — அமைச்சர் ஆம் என்றார்!” நானும் ஒரு இதயத்தைப் போட்டேன்.

முசலியில் அன்று அஸர் தொழுகைக்குப் பிறகு பட்டாசு கொளுத்தினார்களாம். யாரோ தொதல் கிண்டி இனிப்புப் பங்கிட்டார்களாம். நசீமா ராத்தா என்ன செய்தார் தெரியுமா? ஓட்டோக்காரருக்குப் போன் எடுத்து, “தம்பி, இவ்வளவு நாளும் நீங்க செஞ்ச உதவிய மறக்க மாட்டம். நாளைக்கி நீங்க கஷ்டப்பட வேணாம். பஸ் வருது” என்று நன்றி சொல்லிவிட்டார். ஓட்டோக்காரரும் நல்ல மனிதர். சந்தோசப்பட்டுவிட்டு, அன்று இரவே மூன்று ஆசிரியைகளைத் தினமும் பள்ளிக்கூடத்துக்கு ஏற்றிப்போக ஒப்புக்கொண்டுவிட்டார்.

ஆகவே வியாழன் காலை. பஸ்ஸும் இல்லை. ஓட்டோவும் இல்லை. முசலிச் சந்தியில் காசிம் நானா, கையில் கிளினிக் கொப்பியோடு.

நான் கொழும்புக்கு மாஸ்டருக்குப் போன் போட்டேன். நித்திரைக் குரல்.

“மாஸ்டர், அமைச்சர் நேற்று என்ன சொன்னவர்? முழுக்கச் சொல்லுங்கோ.”

“(அ) ஆம். (ஆ) வளங்கள் கிடைச்சதும் பரிசீலிக்கப்படும். (இ) அந்தக் கேள்வியே எழாது. ஏன் அக்கா?”

“அப்ப அந்த ஆம்?”

“அது அறிவாராவுக்கு. அறிவாராம். உங்களுக்குத் தெரியாதே? நீங்கள்தானே எழுதினனீங்கள்?”

“பஸ் வருகுதெண்டு சனம் சந்தியில நிக்குது மாஸ்டர்! காசிம் நானாவும் நிக்கிறார்!”



“ஐயோ” என்றார். பிறகு, “அந்த வீடியோவைப் போட முன்னம் நான் பாக்கேல்ல அக்கா. எங்கட ஆக்கள் வெட்டிப் போட்டவை. பின்னேரம்தான் பாத்தனான். லைக் நல்லா வந்தது... அதால எடுக்கச் சொல்லேல்ல” என்றார்.

திட்ட வேண்டும் போல இருந்தது. எந்த முகத்தோடு திட்டுவது? ஒரு இதயம் என்னுடையதும்தானே?

கடைசியில் அரிப்புக்கு மீன் ஏற்ற வந்த கூலர் லொறிதான் உதவியது. முசலிச் சந்திவரை வந்து காசிம் நானாவை முன் சீற்றில் ஏற்றினார்கள். அரிப்பு நோயாளிகள் இருவரும் பின்னால் ஐஸ் பெட்டிகளுக்குப் பக்கத்தில். டவுனுக்கு வந்து சேர எட்டு மணி. முறை போய்விட்டது. தாதி பாவம், எல்லோரையும் கெஞ்சிக் கூத்தாடி, பின்னேரம் ஓர் இடைவெளியில் அவரை ஏற்றினார். முழு நேரம் கிடைக்கவில்லை. பாதிதான்.

நான் ஆஸ்பத்திரிக்குப் போனேன். ராத்தா வாங்கில் இருந்தார். என்னைக் கண்டதும் ஏசுவார் என்று எதிர்பார்த்துப் போனேன். அவர் நகர்ந்து எனக்கு இடம் தந்தார்.

“மிஸ், எனக்கு ஒன்டு மட்டும் விளங்கல்ல” என்றார். “அமைச்சர் தனக்குத் தெரியுமென்டு சொன்னாரே... தெரிஞ்ச பொறகும் எப்பிடி பஸ் வராம இருக்கும்?”

நான் எழும்பிப் போய் அவருக்கு ஒரு தேத்தண்ணி வாங்கிக்கொண்டு வந்தேன்.

அதே வியாழன் மத்தியானம் மாஸ்டர் அரசியலமைப்பு பற்றிப் பேசினார். ஆறு நிமிடம் என்று இருந்தது. கட்சிக்காரர் ஒருவர் கூடுதலாகப் பேசிவிட்டதால் நான்கு நிமிடமாகச் சுருங்கியது. ஆஸ்பத்திரி வாங்கில் இருந்து போனில் பார்த்தேன். அதிகாரப் பகிர்வு, மக்களின் இறைமை... நல்ல பேச்சு. ஒரு சொல்கூடப் பிழையில்லை. ஆனால் பக்கத்தில் ராத்தா செருப்பைக் கழற்றிவிட்டு, நின்று நின்று உளைந்த காலைத் தடவிக்கொண்டிருந்தார். நான் சத்தத்தைக் குறைத்துவிட்டேன்.

எனக்கு மாஸ்டரில் கோபமா? இல்லை. அரசியலமைப்பு முக்கியமில்லையா? முக்கியம்தான். யாரோ பேசத்தானே வேண்டும்? அப்படியென்றால் என் மனது ஏன் இப்படிக் கிடந்து உழல்கிறது?

வெள்ளி: நெல் விலை பற்றி ஒத்திவைப்புப் பிரேரணை. மாஸ்டர் பேச எழும்புகிற நேரம் சபையில் போதிய ஆட்கள் இல்லை. மணி அடித்தார்கள். அடித்தார்கள், அடித்தார்கள்... யாரும் வரவில்லை. சபையை ஒத்திவைத்துவிட்டார்கள். மாஸ்டர் தயாரித்துக் கொண்டுபோன பேச்சு சட்டைப்பைக்குள்ளேயே ஊருக்குத் திரும்பியது.

சனிக்கிழமை காலை, அந்தச் சட்டையோடுதான் என் வீட்டுக்கு வந்தார் என்று நினைக்கிறேன். கசங்கியிருந்தது.

“அக்கா, வாங்கோ. முசலிக்குப் போவம். நான் தனியப் போனா என்னண்டு அந்த மனுசியின்ர முகத்தில முழிக்கிறது?”

போனோம். காசிம் நானா முன் விறாந்தையில் சாய்வுக் கதிரையில் இருந்தார். பாதமும் கணுக்காலும் பொம்மிப்போய் இருந்தன. வியாழன் பாதி நேரம்தானே ஏறினார். எங்களைக் கண்டு எழும்பப் பார்த்தார். மாஸ்டர் ஓடிப்போய்த் தோளைப் பிடித்து இருத்தினார்.

“இரிங்கோ நானா. இரிங்கோ. என்னை மன்னிச்சுக் கொள்ளுங்கோ.”

“நீங்க கேட்டீங்க தானே சேர்” என்றார் காசிம் நானா. “கேக்கிறதுக்கே எங்களுக்கு ஆள் இல்லாம இருந்திச்சி.”

மாஸ்டர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். கொஞ்ச நேரம் துடைத்துக்கொண்டே இருந்தார்.

ராத்தா பிளேன்ரீ கொண்டுவந்தார். ஓட்டோக்காரர் இனி வர ஏலாது என்று சொல்லிவிட்டாராம். திங்களுக்கு என்ன வழி என்று தெரியவில்லை என்றார். அப்போதுதான் நான் வாயை விட்டேன்.

“மாஸ்டர், உங்கட வாகனம் சும்மாதானே நிக்குது? வாற கிழமை பாராளுமன்றமும் இல்லை. திங்களும் வியாழனும் இவையளை ஏத்திக்கொண்டு வந்தா என்ன?”

மாஸ்டர் என்னை முற்றத்துப் பக்கம் கூட்டிக்கொண்டு போனார்.

“அக்கா, நான் அதை யோசிக்காம இல்லை. ஆனா பாருங்கோ. திரும்பவும் கேள்வி கேக்க வேணும். என்ர வாகனம் ஓடுதெண்டா அமைச்சர் என்ன சொல்லுவார்? ‘நோயாளர்கள் சிரமப்படுவதை அறிவாரா? இல்லை, அவர்களுக்கு வாகன வசதி உண்டு.’ முடிஞ்சுது கதை! கேள்வி செத்துப்போகும். பிறகு ஒரு காலமும் பஸ் வராது. நான் எதிர்க்கட்சி அக்கா. இல்லாததை இல்லையெண்டு காட்டுறதுதான் என்ர வேலை. நானே அதை மூடி மறைச்சா?”

அவர் சொல்வது சரி. கணித மாஸ்டர் அல்லவா, ஒவ்வொரு படியும் சரியாக வருகிறது. ஆனால் கடைசியில் வருகிற விடை காசிம் நானா சந்தியில் நிற்பது! சரியான படிகளில் ஏறி இப்படி ஒரு இடத்துக்கு எப்படி வந்து சேர்ந்தோம்?

“அப்ப வாகனம் அனுப்பாட்டி?” என்றேன்.

“அனுப்பாட்டி...” என்று தொடங்கி, விறாந்தைப் பக்கம் பார்த்தார். அந்தக் கால்களைப் பார்த்தார்.

முற்றம் அப்படியொன்றும் பெரிதில்லை. ராத்தாவுக்கு எல்லாம் கேட்டிருக்கிறது. தேத்தண்ணித் தட்டத்தோடு வந்து முன்னால் நின்றார்.

“சேர், ஒங்கட கேள்வி சாகக் கூடாதுதான். எனக்கும் அது விளங்குது. ஆனா இவரும் சாகக் கூடாது.”

ராத்தா தட்டத்தை ஒரு கைக்கு மாற்றினார். ஒரு விரலை மடக்கினார்.

“மிஸ் எழுதின மாதிரியே கேக்கிறன் சேர். (அ) திங்கக்கிழம இவருக்கு மெசின் இருக்கிறத சேர் அறிவாரா? ஆம். அறிவீங்க. அத விடுங்க.” இரண்டாவது விரல். “(ஆ) வாகனம் எத்தின மணிக்கு வரும்?” மூன்றாவது விரல். “(இ) இன்றேல், ஏன்?”

எனக்குச் சிரிப்பு வந்தது. சிரிக்கவும் முடியவில்லை. மாஸ்டர் பள்ளிக்கூடப் பிள்ளை மாதிரி நின்றார். எத்தனை அமைச்சர்களை எழுப்பி இந்த மூன்றாம் பகுதியைக் கேட்டிருப்பார்! தன்னை ஒருவர் கேட்டது அன்றுதான் முதல் தடவையாக இருக்கும்.

“அஞ்சரைக்கு” என்றார். “அஞ்சரைக்கு வாகனம் இஞ்ச நிக்கும்.”

“வியாழக்கிழமையும்?”

“வியாழனும்.”

திரும்பி வரும்போது வாகனத்துக்குள் அவர் தனக்குத்தானே கணக்குப் பார்த்துக்கொண்டு வந்தார். பாராளுமன்றம் கூடுகிற கிழமைகளில் வாகனத்தை மன்னாரில் விட்டுவிட்டுத் தான் பஸ்ஸில் கொழும்புக்குப் போவாராம். முசலிக்கு ஒரு பஸ் கேட்பதற்காக எம்.பி. பஸ்ஸில் போகப் போகிறார்! கட்சிக்காரர் என்ன சொல்வார்கள்? வழியில் கண்டவர்கள் படம் எடுத்துப் போட்டு, இது நாடகம் என்பார்களா, எளிமை என்பார்களா? எனக்குத் தெரியாது. அவருக்கும் தெரியவில்லை.

“அக்கா, அடுத்த கேள்வியில அந்த அறிவாராவை எடுத்துப்போட்டு எழுத ஏலாதே?” என்று கேட்டார். “நேரா, எந்தத் திகதி பஸ் ஓடும் எண்டு?”

“எழுதலாம். அச்சில இல்லையெண்டு திருப்பி அனுப்புவினம்.”

“அனுப்பட்டும். திரும்பவும் எழுதுங்கோ.”

எழுதித் தருகிறேன் என்றேன். அந்த வீடியோத் துண்டையும் எடுக்கச் சொன்னேன். வாகனத்துக்குள் இருந்தே போன் போட்டு எடுப்பித்தார். அவ்வளவு லைக்கும் போய்விட்டது. என்னுடைய இதயமும்தான்.

ஆக, நானாட்டான் வாசகரே... ஓர் எதிர்க்கட்சி எம்.பி.யின் ஒரு கிழமை வேலை இதுதான். மின்சாரம் பேசினார், பில் குறையவில்லை. அரசியலமைப்பு பேசினார், அது அப்படியே இருக்கிறது. நெல் விலை பேசப் போனார். கேட்க ஆள் இல்லை. பஸ் கேட்டார், கேட்டதால் இருந்த ஓட்டோவும் போனது. பிறகு பாராளுமன்றத்தில் எந்தப் பதிவிலும் வராத ஒரு சனிக்கிழமை, ஒரு முற்றத்தில் நின்று, அஞ்சரைக்கு என்று சொன்னார். இதில் எது அவருடைய வேலை, எது அவருடைய வேலையே இல்லை? நானும் கொப்பியைப் புரட்டிப் புரட்டிப் பார்க்கிறேன். அவர் கேட்காமல் விட்டிருந்தால் நல்லதா? அப்படிச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. வாகனம் ஓடுவதால் பஸ் வராமலே போய்விடுமா?

இதை எழுதிக்கொண்டிருப்பது திங்கள் காலை. ஐந்தரைக்குக் கேத்திலை வைத்துவிட்டுப் போனைப் பார்த்துக்கொண்டு நின்றேன். ஐந்து முப்பத்தைந்துக்கு அடித்தது. எடுக்கவே பயமாக இருந்தது.

“மிஸ், வாகனம் வந்திட்டு. இவர் கால நீட்டிக்கொண்டு இருக்கிறார். நல்லா நீட்டிக்கொண்டு இருக்கிறார் மிஸ்!”

எனக்குக் கண் நிறைந்துவிட்டது. அதோடு போனை வைத்திருந்தால் இந்தப் பத்தியும் அழகாக முடிந்திருக்கும். ராத்தா வைக்கவில்லை.

“மிஸ், பஸ் வரும்வரைக்கும் இது வரும்தானே?”

“ஓம்” என்று வாய்வரை வந்துவிட்டது. நாக்கைக் கடித்துக்கொண்டேன்.